டப்பாவில் இருக்கும் நீல கிரீஸ்

தீர்த்தம்மாளுக்கு சென்றாயன் எழுதுவது. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நலம். கையில் ஒரு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

போன வாரம், ஆலையின் பெரிய ஃபேன் பேரிங்கில், எனக்குத் தெரியாமல் யாரோ வேறு கிரீஸை அடித்துவிட்டார்கள். பழையதைத் துடைத்து எடுக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்து மோராக இளகி ஒழுகியதில் பேரிங் தீய்ந்துபோனது. சூடான மூடியைத் தொட்டதில் வந்த கொப்புளம்தான் இது.

சேலத்துக்கார இன்ஜினியர், "ரெண்டும் நீலந்தானுங்களே அண்ணா" என்கிறார்.

"பாலும் வெள்ளை, சுண்ணாம்புத் தண்ணியும் வெள்ளைங்க. கலந்து குடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் வேலை போகும், இருபது வருடப் பெயரும் போகும். போடமாட்டேன்.

இரண்டு கிரீஸையும் சரிபாதி கலந்து வைத்துப் பார்த்தேன். இரண்டே நாளில் இளகிவிட்டது. அதுதான் என் சாட்சி. அந்தக் கலவையில் ஒரு டப்பா என் சட்டைப்பையில் இருக்கிறது. என் பெட்டியை யாரோ கிளறியிருப்பதால், இன்னொன்றை ஊருக்கு வரும் கடத்தூர் கலைமணியிடம் கொடுத்தனுப்புகிறேன். மூடியில் நூல் கட்டி மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறேன். எண்ணிப் பார். நம் மருமகனிடம் காட்டாதே, சைக்கிள் செயினுக்குப் பூசிவிடுவான்.

கலைமணி திரும்பும்போது கொஞ்சம் ராகி மாவு கொடுத்துவிடு. இங்கே விற்பதில் எதையோ கலக்கிறார்கள்.

அவன் கிளம்ப நிற்கிறான். முடிச்சு சரியாக இருந்தால் போனில் "இண்டூரில் மழை" என்று மட்டும் சொல். நான் போன் பேசும்போது பக்கத்தில் எப்போதும் ஆள் நிற்கிறது. அதன்பிறகு உடனே வைத்துவிடாதே. சும்மா எதையாவது பேசிக்கொண்டிரு, கேட்கிறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

சென்றாயன்