கைநாட்டு வைத்த வாக்குமூலம்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் தையல்காரர் மூன்று மாதமாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. 'ழ' போட்டு முடித்தால் மாடி ஏறிய மாதிரி மூச்சு வாங்குகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பேருந்துப் பலகை, எதையும் படிக்காமல் விடுவதில்லை.

செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள். நீ துப்பாக்கி துடைத்த அன்று நான் எதிரே உட்காராமல் இருந்திருக்கலாம். போகட்டும், கை தவறிவிட்டது. உன்மேல் கோபம் இல்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

உன் அண்ணன்

ஜூன் 19

தம்பிக்கு,

கோபம் இல்லை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது என் காகிதங்களைக் கொடுத்தார்கள். ஆசையாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் அரை மயக்கத்தில் கைநாட்டு வைத்த வாக்குமூலமும் அதில் இருந்தது. தம்பி வீட்டில் இல்லாதபோது நானே துப்பாக்கியை எடுத்து விளையாடினேனாம், வெடித்துவிட்டதாம். சேர்க்கைச் சீட்டு என்று சொல்லித்தானே என் விரலைப் பிடித்து வைத்தாய்?

மருத்துவரிடம் கேட்டேன். "அஞ்சு மணி நேரம் கழிச்சுக் கொண்டுவந்தாங்க. ரத்தக்குழாய் அறுந்திருந்தது. உடனே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம். யாரோ விடாம அழுத்திப் பிடிச்சிருக்காங்க, அதனாலதான் உயிர் இருக்கு" என்றார்.

அழுத்தியது உன் மனைவி. இரண்டு கையாலும் துணியை அழுத்திக்கொண்டு வண்டியைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். நீ மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். என்ன எழுதினாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

நகைக்கடையில் காவல் முடிந்ததும் மணல் வாளிக்குள் குழலை நீட்டித் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துக் காலி செய்வது உங்கள் வழக்கம். பேருந்து போய்விடும் என்று அன்று நீ வாளியைத் தாண்டி ஓடிவந்தாய். வீட்டில் குண்டு அடுக்கிய மேகசினைக் கழற்றினாய், துப்பாக்கி காலி என்று நினைத்தாய். குழலில் ஒரு குண்டு இருந்தது.

உன் பேத்தி விடுமுறைக்கு வருகிறாளாமே. துப்பாக்கி பூட்டில் இருக்கிறதா? குண்டு தனியாகப் பூட்டியிருக்கிறதா? அதை மட்டும் எழுது.

அண்ணன்

ஜூன் 27

அண்ணனுக்கு,

நாலு எழுத்துத் தெரிந்ததும் முதலில் என்மேல்தான் பாய வேண்டுமா? அப்படி எழுதாவிட்டால் உரிமமும் வேலையும் போயிருக்கும். உங்கள் மருந்துச் செலவை யார் பார்த்திருப்பார்கள்?

துப்பாக்கி எப்போதும் போலக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பூட்டிவிட்டு அவசரத்துக்குச் சாவி தேட முடியாது. குழந்தை வந்துவிட்டாள். தொட்டால் தோலை உரிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாலு வயதுதான், ஆனால் என் பேச்சைத் தட்டமாட்டாள். பழையதைக் கிளறாதீர்கள்.

தம்பி

ஜூன் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. பிறகு உன் மனைவியிடம் தொலைபேசியில் பேசினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போனதற்கு நான்தான் காரணம். அவளைத் திட்டாதே.

அன்றே காவல் நிலையத்துக்கு நடந்து போனேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அதிகாரி நல்ல மனுஷர். "சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

"ஏற்கெனவே ஒருத்தன் எனக்காக எழுதிட்டான்" என்று சொல்லிப் பேனாவை வாங்கினேன். ஒன்றரைப் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

இது உன் கைக்கு வருவதற்குள் துப்பாக்கியை எடுத்துப் போயிருப்பார்கள். வேலையும் போகும். தெரிந்துதான் செய்தேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அன்றைக்கு என்னை உடனே வண்டியில் ஏற்றிவிட்டு, வழியில், "அண்ணா, என் வேலை போயிடும், நீங்களே சுட்டுக்கிட்டதா சொல்லுங்க" என்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன். சாகும்வரை மாற்றியிருக்க மாட்டேன்.

நீ கேட்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே. வந்தால் படித்துவிடுவேன்.

அண்ணன்