ஒன்பது என்று எழுதினேன்

மார்ச் 4

இடது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. சிப்பி அப்பிய பாறையில் வழுக்கினால் வேறென்ன ஆகும்? படகுக்காரர் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். "பாறைக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு மேடம். ஒரு நகத்தை வாங்கி வெச்சுக்கிச்சு" என்றார். வலியிலும் சிரிப்பு வந்தது.

கணக்கெடுப்பின் முதல் நாள். கடல் வற்றியிருக்கும் மூன்று மணி நேரம்தான் எங்களுடையது. வடக்கே பாறை முனை, தெற்கே மணல் வளைவு. பாறையில் பத்து மீட்டருக்கு ஓர் இடம் என்று மொத்தம் நாற்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் உயிர்களை எண்ண வேண்டும். மணலில் தோண்டிச் சலித்து எண்ண வேண்டும். கயிற்றின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். பதினோரு வருஷமாக அவரோடு இப்படித்தான்.

இந்த முறை எதற்காக எண்ணுகிறோம் என்பதுதான் உறுத்துகிறது. பாறை முனைமேல் கல்லைக் கொட்டித் தடுப்புச்சுவர் கட்டப் போகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் ஏழு வீடுகளைக் கடல் அரிக்கிறது. மூன்றாவது வீடு அக்காவுடையது.

இதை அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 6

சட்டம் வைத்த இடமெல்லாம் குழாய்ப்புழு. விரல் நீளம்கூட இல்லாத புழு. அலையில் வரும் மணலை ஒவ்வொரு பருக்கையாகப் பிடித்து ஒட்டித் தனக்கொரு குழாய் கட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. இடுப்பு உயரத்துக்குத் தேன்கூடு மாதிரி எழும்பி நிற்கிறது. ஒரு பிளவில் கையை விட்டால் நண்டு, குட்டி இறால், பெயர் தெரியாத ஒரு சிவப்பு நத்தை. நான் குனிந்த தலை நிமிரவில்லை. முதுகு விட்டுப்போச்சு.

"அலை இங்க வந்து முட்டி, மூச்சு வாங்கிட்டுத்தான் எங்க பக்கம் வருது மேடம். அதான் எங்க மணல் நிக்குது" என்றார் படகுக்காரர். அவர் வீடு தெற்கு வளைவில். அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

மார்ச் 9

நாற்பது இடத்தில் முப்பத்தொன்றில் குழாய்ப்புழு. பத்துக்கு மேல் போனால் சுவர் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். அதுதான் விதி.

மார்ச் 10

அக்கா வீட்டுக்குப் போனேன். பின்வாசல் படி இரண்டும் போய்விட்டன. சமையலறைச் சுவர் விரிசலில் என் சுண்டுவிரல் நுழைகிறது. தையல் மிஷினை முன்னறைக்கு இழுத்து வந்திருக்கிறாள், முட்டிவலியோடு தனியாக.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. வந்த வரனையெல்லாம் "தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்று தட்டிக்கழித்தாள். முப்பத்தைந்தில் கல்யாணம். அத்தான் கொத்தனார். இந்த வீட்டைத் தன் கையாலேயே கட்டினார். கட்டி முடித்த நாலாவது வருஷம் போய்ச் சேர்ந்தார்.

"உன் பூச்சியெல்லாம் என்ன சொல்லுது பாப்பா? சுவர் வந்துடுமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இன்னும் எண்ணி முடிக்கலக்கா."

"வரலேன்னா விடு. உன் மாடி ரூம்ல வந்து ஒண்டிக்கிறேன். மிஷினை எங்க வைக்கிறதுன்னுதான் யோசனை."

எனக்காக ஏதாவது செய் என்று ஒரே ஒரு வார்த்தை அவள் என்னிடம் கேட்டிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

மார்ச் 12

ஒன்பது என்று எழுதினேன்.

மார்ச் 13

படகுக்காரர் மணலைப் பற்றிச் சொன்ன வரியையும் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? ஒன்பது இடத்தில் மட்டும் இருக்கிற புழு அவ்வளவு பெரிய அலையை எப்படி நிறுத்தும் என்று யாராவது கேட்பார்கள், அதான். ஒரு பொய்யைச் சொல்லிட்டா அதுக்குக் காவலா இன்னும் நாலு வேண்டியிருக்கு. இருபது வருஷத்துல ஒரு நத்தையைக்கூட நான் கூட்டியோ குறைச்சோ எழுதினதில்லை. என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்?

மார்ச் 20

தாளில் உடன் இருந்தவரின் கையெழுத்தும் வேண்டும். படகுக்காரர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஒன்பதா?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மூணாவது வீடு உங்க அக்காவோடதுன்னு எனக்குத் தெரியும் மேடம்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "கூடப் பொறந்தவங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்."

ஜூன் 2

லாரிகள் வந்துவிட்டன. முதல் கல் விழுந்தபோது அங்கே நிற்கவில்லை. அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 18

அக்கா விரிசலைப் பூசி, பச்சை வண்ணம் அடித்திருக்கிறாள். மிஷின் பழைய இடத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள், வேலைக்குத் தோதாக நாலு பை வைத்து. "என்னடி, முகம் செத்துக்கிடக்கு?" என்றாள். வெயில் என்றேன்.

பிப்ரவரி 9 (புது டைரி)

மறு கணக்கெடுப்பு. பாறையில் நாற்பது இடத்துக்கும் சுழி. கல்லுக்கு அடியில் எதை எண்ணுவது? இடுக்கில் அகப்பட்ட ஒரு துண்டுக் கூட்டைத் தொட்டேன், பொலபொலவென்று கொட்டிவிட்டது.

தெற்கு வளைவில் தோண்ட மணலே இல்லை. மண்வெட்டி கூழாங்கல்லில் இடித்து 'ணங்'கென்றது. படகுக்காரரின் படகுக் கொட்டகை போன வாரமே போய்விட்டதாம். இன்று ஒரு வேடிக்கைப் பேச்சுகூட இல்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

பிப்ரவரி 11

படகுக்காரர் வீட்டின் கடல் பக்கச் சுவர் விடியற்காலையில் விழுந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது அவரும் அவர் மனைவியும் கதவைக் கழற்றிச் சுமந்துகொண்டிருந்தார்கள். தெருவில் கிடந்த சாமான்களுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டார்.

"அண்ணே, நான்தான்…"

"கையெழுத்து நானும்தான் போட்டேன்" என்றார் மெதுவாக. "எங்க மணல் என்னாகும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். "மேடம், இதையும் நீங்க எண்ணி எழுதினீங்கன்னா ஏதாவது செய்வாங்களா?"

தம்ளரைக் கையில் வாங்கினேன்.

பிப்ரவரி 12

அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படகுக்காரருக்குப் படிக்கத் தெரியாது, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார் என்றேன். இன்னொரு பொய். இதற்கு மட்டும் வருத்தப்படவில்லை.

அதிகாரி என் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "உங்க தாளைக் காட்டித்தான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுப்பேன், எப்படி எண்ணணும்னு" என்றார்.

மே 6

வேலை போயிற்று. விஷயம் வெளியே போகாமல் முடித்துக்கொண்டார்கள். கொட்டிய கல்லை அள்ளப் போவதில்லை. அள்ளினாலும் புழு திரும்ப எத்தனை வருஷமாகும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். வளைவில் இருந்த பதினாலு குடும்பத்துக்கும் உள்ளே, கடல் தெரியாத இடத்தில் வீடு கொடுக்கிறார்கள். படகுக்காரர் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம்.

அக்காவிடம், வேலை அலுத்துவிட்டது என்று சொன்னேன். "அப்போ பட்டன் தைக்க வா" என்றாள்.

ஆகஸ்ட் 17

அக்கா வீட்டில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். படகுக்காரரின் மனைவி வந்தார். புது வீட்டு ஜன்னல்கள் ரோட்டைப் பார்த்து இருக்கின்றன, திரை வேண்டும். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க பக்கம்தான் பாவம்" என்றாள் அக்கா. "இந்தச் சுவர் மட்டும் வரலேன்னா எங்களுக்கும் அதே கதிதான்."

அவர் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். அதில் முடிச்சுப் போட்டு ஜன்னலின் அளவைக் கொண்டுவந்திருந்தார். அக்கா டேப்பை வைத்து அளந்தாள்.

"பாப்பா, எழுதிக்கோ" என்றாள்.

நான் பென்சிலை எடுத்தேன்.

"நீங்களே எழுதிக்கங்கக்கா" என்றார் அவர், அக்காவிடம்.

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் பென்சிலை அவள் பக்கம் நீட்டினேன்.