இடது கைக் குச்சிகள்

சகாதா,
மார்ச் 9

அன்புள்ள யூஹெய்,

ஆற்றில் இருந்த அன்னங்கள் பாதிக்கு மேல் வடக்கே கிளம்பிவிட்டன. கூரைப் பனி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் குளிர் விட்டதா தெரியவில்லை, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி உன்னைத் திட்டப் போகிறேன். போனில் திட்டலாம் என்றால் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் பேசினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே தப்பித்துவிடுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

போன வியாழக்கிழமை உன் அத்தை ஃபுமியே முள்ளங்கி ஊறுகாய் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாயில் எதுவும் தங்காது என்று நாற்பது வயதாகியும் உனக்குத் தெரியவில்லையா? ஒரு வாய் தேநீர் குடித்தாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நீங்கள் இருவரும் போனில் பேசி முடிவு செய்துவிட்டீர்களாமே. என்னை எரித்து முடித்த பிறகு, சாம்பலிலிருந்து எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கலசத்தில் போடும்போது, நீயும் அத்தையும் எடுப்பீர்களாம். அப்பாவைப் பக்கத்து அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவீர்களாம். "அண்ணாவுக்குத்தான் கை வராதே அண்ணி. நாலு பேரு முன்னாடி கீழ போட்டுட்டா அவருக்குத்தானே அசிங்கம்? யூஹெய் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்கிறாள்.

ஏன் யூஹெய், சாகப் போவது நான். என் எலும்பை யார் எடுப்பது, யார் பக்கத்து அறையில் உட்காருவது என்று என்னை ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லையா? நான் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் எழுந்து சோறு வைக்கிறேன். துணி காயப்போட மட்டும்தான் முடியவில்லை. அதற்குள் என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திட்டம் போடுகிறீர்களே, எவ்வளவு துணிச்சல்!

என் விஷயம் கிடக்கட்டும். அப்பாவுக்குக் கை வராது என்று உனக்கு யார் சொன்னது? அவருக்கு வலது கையும் காலும் விழுந்தபோது வந்தாய், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாய், அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக் கஞ்சியை மார்பில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்தாய், போய்விட்டாய். உன் கண்ணில் அவர் இன்னும் அந்தக் கஞ்சியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இரண்டு வருடம் போயிருக்கிறது.

போன அக்டோபர் வரை அவர் ஸ்பூனில்தான் சாப்பிட்டார், அது உண்மை. வாரம் இருமுறை வேனில் அழைத்துப்போகிறார்களே பகல்நேரப் பராமரிப்பு நிலையம், அங்கே உணவை எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, கழுத்தில் துணி கட்டிவிடுகிறார்கள். உன் வயதில் பாதிகூட இருக்காது, ஒரு பெண், "தாத்தா, ஆ காட்டுங்க பாப்போம், சமத்து!" என்று அவரிடம் கொஞ்சினதை நான் என் காதால் கேட்டேன். நாற்பத்தொரு வருடம் முடி வெட்டும் கத்திரி பிடித்தவர். இந்த ஊர் மேயர்கள் மூன்று பேருடைய தலையும் அவர் கைக்குக் குனிந்திருக்கிறது. சுட்ட தட்டைமீனில் ஒரு முள் உடையாமல் நடுமுள்ளை முழுசாகச் சாப்பிடும் குச்சியால் தூக்கி எடுத்து, மீனை என் பக்கம் தள்ளுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் முள் எடுத்ததே கிடையாது. அவரைப் போய் சமத்தாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணின் கழுத்தில் அந்தத் துணியைக் கட்டலாம் போல இருந்தது. உன் அப்பா ஆ காட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் என் கணையத்தைப் பற்றித் தெரிந்துகொண்டோம். அடுத்த கோடை வரைக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன், அது உனக்குத் தெரியும், அந்தச் சண்டையை நாம் போட்டு முடித்தாயிற்று. மறுநாள் காலையில் உன் அப்பா ஸ்பூனைத் தூக்கி டிராயரில் போட்டார். தன் பழைய கறுப்புக் குச்சிகளை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு வாய்க்குப் போகவே இல்லை. அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "எழுபத்துநாலு வயசுல என்ன வீம்பு இது? ஸ்பூன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினேன். "நீ உன் வேலையப் பாரு" என்றார்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு கிண்ணம், ஒன்றில் அவித்த சோயா பயறு. இதிலிருந்து அதில் போட வேண்டும். கிண்ணத்தில் விழுந்ததைவிடத் தரையில் விழுந்ததுதான் அதிகம். நான் வெறுங்காலில் மிதித்து வழுக்கி ஒருநாள் சுவரில் மோதிக்கொண்டேன். அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். என் உடம்பு இப்படி இருக்கும்போது எனக்கு வேலை வைக்கிறாரே என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து, ஒவ்வொரு பயறாகக் குச்சியாலேயே பொறுக்கினார்.

புத்தாண்டு அன்று நடந்ததை ஃபுமியே உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீங்கள் இப்படித் திட்டம் போட்டிருக்க முடியாது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சேப்பங்கிழங்கு ஒன்றைக் குச்சியில் எடுத்தார், முக்கால் தூரம் கொண்டுவந்துவிட்டார், அது நழுவியது. நான் யோசிக்கவே இல்லை. என் குச்சி தானாக நீண்டு அந்தக் கிழங்கின் மறுபக்கத்தைப் பிடித்துவிட்டது. ஒரே கிழங்கு, அதில் அவர் குச்சியும் என் குச்சியும். மூன்று வயதுக் குழந்தைக்கே கையில் அடித்துச் சொல்லிக்கொடுப்போமே, எலும்பு பொறுக்கும்போது தவிர ஒரே பொருளை இரண்டு பேர் குச்சியால் பிடிக்கக் கூடாது என்று. எழுபத்தொரு வயதில் நான் அதைச் செய்தேன், அதுவும் புத்தாண்டு முறைப்படி பரப்பி வைத்த மேசையில்.

ஃபுமியே வீடே அதிரக் கத்தினாள். "அய்யோ அண்ணி! விடுங்க, விடுங்க! வருஷப் பொறப்பும் அதுவுமா, என்ன எலும்பா பொறுக்குறீங்க?" என்றாள். சொன்ன பிறகுதான் யார் முன்னால் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குச்சியை விட்டேன். கிழங்கு பாயில் உருண்டது. உன் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "கத்தாதடி. அதுக்குத்தான் மூணு மாசமா பழகிட்டிருக்கேன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன். "உன்ன நான்தானே எடுக்கணும்? ஸ்பூனால வாரியா போட முடியும்?" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன்தான், ஆனால் கோபம்தான் அதிகம். மூன்று மாதமாக இதை ஒரு வார்த்தை சொல்லாமல் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாரே, இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டுத்தான் உன் அத்தை, அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைக்க உன்னோடு சேர்ந்திருக்கிறாள்.

அதற்கு மேல், அப்பா குச்சி பழகுகிறார் என்று கேட்டதும் நீ அனுப்பிய பார்சல். பிப்ரவரியில் வந்தது. இரண்டு குச்சியும் தலையில் ஒட்டி, விரல் நுழைக்க வளையம் வைத்து, உச்சியில் ஒரு முயல் பொம்மை. "குழந்தைங்க ஒரே வாரத்துல கத்துக்கறாங்களாம்" என்று சீட்டு வேறு. உன் அப்பா ஆள்காட்டி விரலை நுழைத்தார், மாட்டிக்கொண்டது. சோப்பு போட்டு நான் கால்மணி நேரம் உருவினேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பாவம், தூரத்துல இருக்கான், வேற என்ன பண்ணுவான்?" என்று உனக்குப் பரிந்து வேறு பேசினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பழகிய விதத்தைச் சொல்கிறேன், கேள். ஜனவரி நடுவில் ஒருநாள் கடைக் கத்திரியை எடுத்து வரச் சொன்னார். அதை மேசையில் வைத்து விரித்தார், மூடினார், வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு, "ஒரு அலகுதான் ஆடணும், இன்னொண்ணு அசையவே கூடாதுன்னு கடையில வேலைக்கு வந்தவனுக்கெல்லாம் தொண்டை வத்தச் சொன்னேன். இங்க ரெண்டையும் சேத்து ஆட்டிட்டிருக்கேன் பாரு, மடையன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவருடைய இடது கைக்குக் கத்திரி தெரியாது, சீப்புத் தெரியும். முடி வெட்டும்போது சீப்பை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த கை அது. கீழ்க் குச்சியை அந்தச் சீப்பு மாதிரி கட்டைவிரல் அடியில் நிறுத்திக்கொண்டார். மேல் குச்சியை மட்டும் அசைத்தார். ஒரு வாரத்தில் பயறு விழுவது நின்றது.

பிறகு பயறு வேண்டாம் என்றார். நான் சமையலுக்கு வைத்திருக்கும் நீளக் குச்சிகளைக் கேட்டார், எலும்பு எடுக்கத் தருவது நீளமாகத்தான் இருக்கும் என்று. "காய்ஞ்சதா, லேசா, அழுத்தினா நொறுங்குற மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டார். அரிசி முறுக்குத் தட்டைகளை நான்தான் உடைத்துக் கொடுத்தேன். பெரிய துண்டு, சின்னத் துண்டு, வளைந்த துண்டு. எதிரே உட்கார்ந்து பார்த்தேன். "என் எலும்பு இவ்வளவு லேசா இருக்காது, பனி வாரின உடம்பு" என்றேன். "எலும்பா இருக்கும்போதாவது எதிர்த்துப் பேசாம இரு" என்றார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். என்ன நினைத்தாரோ.

இப்போதும் பத்துத் துண்டுக்கு இரண்டு விழத்தான் செய்கிறது. கை நடுங்குகிறது. மெதுவாகத்தான் வருகிறது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் என் கணவர், நாற்பத்தாறு வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவர் கீழே போட்டால் அது யாருக்கு அசிங்கம்? எனக்கு இல்லை. உனக்கென்றால் நீ போய்ப் பக்கத்து அறையில் உட்கார்.

என்னால் முடியாமல் போன பிறகு அவரை எந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று நீ பார்த்துக்கொண்டிருப்பதையும் ஃபுமியே சொன்னாள். அதில் எனக்குக் கோபமில்லை, யாராவது பார்க்கத்தானே வேண்டும். ஆனால் அவரிடமே கேள். அவருக்குக் கைதான் விழுந்தது, காது இருக்கிறது.

தகன மேடையில் ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்குவார்களாம், அடுத்தவர்கள் வெளியே காத்திருப்பார்களாம், ஃபுமியே விசாரித்திருக்கிறாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன். திட்டி முடித்துவிட்டேன், இது கெஞ்சல். முதல் துண்டைக் கால் பக்கத்திலிருந்து நீயும் அவரும் சேர்ந்து எடுங்கள். அவர் வலப்பக்கம் நில், அந்தப் பக்கம்தான் சாய்வார். உன் குச்சியை அவர் குச்சிக்கு அடியில் சும்மா வைத்துக்கொள், தூக்காதே, அவர் தூக்கட்டும். கடைசியில், மிக நெருங்கியவர் எடுக்க வேண்டிய தொண்டை எலும்பை அவர் தனியாக எடுக்கட்டும். யாரும் கை நீட்ட வேண்டாம். நழுவினால் மறுபடி எடுப்பார். மறுபடி நழுவினாலும் எடுப்பார். அங்கே வேலை செய்பவர் கடிகாரத்தைப் பார்த்தால், உன் அத்தை பெருமூச்சு விட்டால், அம்மாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மேல் இன்னும் கோபம் ஆறாத,
அம்மா
தொகியே