கறுப்புத் திரை, பெரிய எழுத்து

11.6.2007, திங்கள்

காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பச்சைக் குன்றைக் காணோம். வாங்கிய நாள் முதல் அதுதான் முதலில் கண்ணில் படும். பச்சைக் குன்று, நீல வானம், பஞ்சு மேகம். இன்று வெறும் சாம்பல். அடியில் ஓடும் நீலப் பட்டையும் சாம்பல். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது.

கடையில் கம்ப்யூட்டர் அடிக்கிற செசிலியிடம் கேட்டேன். "தானா மாறியிருக்கும் மொதலாளி" என்றாள்.

தானாகவா? குளச்சலில் இருபத்திரண்டு வருஷமாக மீன்வலைக் கடை நடத்துகிறேன். தானாக நடந்தது என்று ஒருத்தர் சொன்ன எதுவும் இதுவரை தானாக நடந்ததில்லை.

13.6.2007, புதன்

எழுத்தெல்லாம் இன்று பெரிதாகியிருக்கிறது. நேற்று அப்படி இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

15.6.2007, வெள்ளி

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். படகு நிற்கும்போதுதான் நமக்கு வேலை. அடுத்த தொழிலுக்கு வலை சொல்லி வைக்க ஒவ்வொருத்தராக வருவார்கள்.

மத்தியானம் செல்வன் வந்தான். இரண்டு படகுக்காரன், பத்து வருஷப் பழக்கம். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்:

"அண்ணாச்சி, நான் இந்தத் தடவ கணவாய் வலை எடுக்கியேன்னு ஒமக்குத்தானே சொன்னேன்? எம் பொண்டாட்டிக்கிக்கூட சொல்லல்ல. அந்த பிபின் எப்படி என்ட்ட வந்து 'கணவாய் வலை இருக்கு, வேணுமா'ன்னு கேக்கான்?"

பிபின் துபாயிலிருந்து வந்து பீச் ரோட்டில் ஆறு மாசம் முன்னால் கடை போட்டவன். அவனும் வலைதான்.

கேட்டுவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டான்.

இந்தக் கரையில் ஒருத்தன் தான் என்ன வலை எடுக்கிறான் என்பதைக் கூடப்பிறந்தவனிடம்கூட சொல்லமாட்டான். தெரிந்தால் அத்தனை பேரும் அதே மீனுக்குப் போய்விடுவார்கள். என்னிடம் மட்டும் சொல்வார்கள். பூதப்பாண்டியிலிருந்து சைக்கிளில் கயிறு கட்டிக்கொண்டு விற்க வந்தவனை இவர்கள் கடை போட விட்டது என் முகத்துக்காக இல்லை. என் வாய் திறக்காது என்பதற்காக. எந்தப் படகுக்கு என்ன வலை, கண்ணி ஓட்டை என்ன அளவு, என்ன நூல் என்ற விவரம் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது வெளியே போனால் நான் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்ப சைக்கிளை எடுக்கவேண்டியதுதான்.

கம்ப்யூட்டரைத் தொடுவது இரண்டே பேர். நான், செசிலி. நான் இரண்டு விரலால் குத்துகிறவன்.

18.6.2007, திங்கள்

இன்று முழுக் கறுப்பு. திரை கறுப்பு, எழுத்து வெள்ளை, ஒவ்வொன்றும் பெரிய பெரிய எழுத்து. திரையில் என் முகம்தான் தெரிகிறது.

வீட்டில் மனைவி தாணம்மாளிடம் சொன்னேன். "தாங்கல்ல போயி கண்ணாடி முன்னால நிக்கியல்லா? கடையிலயும் அய்யா காட்டுகாருன்னு நெனைங்க" என்று சிரிக்கிறாள். தாங்கல் என்ற எங்கள் அய்யா கோயிலில் சாமி இருக்கிற இடத்தில் கண்ணாடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

20.6.2007, புதன்

நாகர்கோவிலிலிருந்து அனிஷை வரவழைத்தேன். கம்ப்யூட்டர் விற்றவன், பழுது பார்க்கிறவனும் அவன்தான்.

"வைரஸா?"

"வைரஸ் இல்ல அண்ணாச்சி. ஆராவது உள்ள போயி மாத்துனாத்தான் இப்படி வரும். ரைட் கிளிக் அடிச்சு, ப்ராப்பர்ட்டீஸ் எடுத்து, கலர், எழுத்து எல்லாம் பாத்துப் பாத்து வச்சிருக்காவ. தெரிஞ்ச ஆளு செய்த வேலை."

"இப்படி வச்சா என்ன லாபம்?"

"தூரத்துல நின்னு பாத்தாலும் தெளிவாத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் பச்சைக் குன்றை வரவழைத்துவிட்டுப் போய்விட்டான். செசிலி கல்லாப் பக்கம் நின்றுகொண்டு, நெற்றியில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் தரையைப் பார்க்கவேண்டும்?

தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும். யாருக்குத் தெரியவேண்டும்?

21.6.2007, வியாழன்

மறுபடி கறுப்பு.

22.6.2007, வெள்ளி

இன்று சோதித்துப் பார்த்துவிட்டேன். செசிலி வேலையில் இருக்கும்போது, டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்து, கயிற்றுக்கட்டுகள் தொங்கும் இடத்தில் மறைந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் திரை தெரிகிறது. செல்வன் பெயரை நான் அங்கே நின்றே வாசித்தேன். கண்ணி அளவையும் வாசித்தேன்.

தூண்டில் கொக்கி வாங்க வந்தவன்போல யாராவது அந்த இடத்தில் நின்றால் போதும். வாய் திறந்து பேசவே வேண்டாம். கையில் தாள் கொடுக்க வேண்டாம். பதினாறு வருஷம் என் கடையில் வேலை பார்த்தவளுக்கு இந்த மூளை இருக்கும். அவளுக்கு இல்லாத மூளையா? கண்ணி அளவு, நூல் நம்பர் எல்லாம் மனப்பாடம். பிபின் அவளைத்தான் பிடிப்பான். நானாக இருந்தாலும் அவளைத்தான் பிடிப்பேன்.

நல்லவள்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. தோன்றட்டும். சோதிக்காமல் விடக்கூடாது.

29.6.2007, வெள்ளி

பொறி வைத்தேன்.

பேபியண்ணன் என்று ஒருத்தர், வயதான படகுக்காரர், சாளைக்கும் நெத்திலிக்கும் தவிர வேறெதற்கும் போனவர் இல்லை. அவர் பெயருக்கு நேரே நானே இரண்டு விரலால் குத்திப் போட்டேன்: திருக்கை வலை. கரையில் எவனும் நினைக்காத ஒன்று. செசிலி பார்ப்பாள். பிபின் காதுக்கு இது போகிறதா என்று பார்ப்போம்.

30.6.2007, சனி

சனிக்கிழமை வழக்கம்போல லிஸ்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். "பேபியண்ணனுக்கு திருக்கையா மொதலாளி? அவரு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்துப் பக்கம் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாளா, தோளைப் பார்த்தாளா தெரியவில்லை. இப்போதெல்லாம் கண்ணோடு கண் பார்க்க மாட்டேனென்கிறாள்.

9.7.2007, திங்கள்

மாட்டியது.

பேபியண்ணன் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். "ஓய், நான் எப்பம் வே திருக்கைக்குப் போனேன்? அந்த பிபினுக்க ஆளு வந்து, திருக்கை வலை சகாயமாத் தாறேங்கான். எம் மவன் சிரிக்கான், 'அப்பாக்கு வயசான காலத்துல ஆசையப் பாரு'ன்னு!"

அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பொய்.

10.7.2007, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கடை அடைக்கும் நேரம் செசிலியிடம் கேட்டேன். "திரையை மாத்துனது நீதானே?"

"நாந்தான்."

"தானா மாறிச்சுன்னு சொன்ன?"

கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள்.

"எழுத்தப் பெருசாக்குனது, ஜன்னலுக்கு வெளிய நிக்கிறவன் வாசிக்கதுக்கு. அதானே ஏட்டி?"

அவளை நான் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"எனக்கு வாசிக்கதுக்கு" என்றாள்.

இரண்டு கண்ணிலும் புரையாம். திரை வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூசி எழுத்து பால்மாதிரி கலங்குதாம். கறுப்பில் வெள்ளை எழுத்து இருந்தால்தான் பிடிபடுதாம். குன்றும் மேகமும் இருந்தால் அதன்மேல் இருக்கிற பெயர் ஒன்றும் தெரியாதாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் இந்தக் கறுப்பைக் கண்டுபிடித்தாளாம்.

"என்ட்ட ஏன் சொல்லல்ல?"

"முத்துக்கனியண்ணன் சொன்னாவல்லா? மறுநாளே நீங்க அனுப்பிட்டிய."

முத்துக்கனி இங்கே கண்ணி அளந்தவர். பார்வை மங்குது என்று அவரே வந்து சொன்னார். அனுப்பினேன். கண்ணி பிசகினால் ஒரு படகுக்கு ஒரு வருஷத் தொழில் போகும். அதை நினைத்து நான் வருத்தப்பட்டதில்லை. இப்போதும் இல்லை.

ஆனால் செசிலி சொன்னதை நான் நம்பவில்லை. கண் நல்ல சாக்கு. திருக்கை வலையைப் பிபினிடம் சொன்னது யார் கண்? கேட்டேன். "எனக்குத் தெரியாது மொதலாளி, மாதாவாணை" என்றாள்.

"சாவியை வச்சிற்று போ" என்றேன்.

சாவியை மேசையில் வைத்தாள். விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து தரையில் கையால் தடவித் தடவித் தேடினாள். கண்ணெதிரே கிடக்கிறது. தேடுகிறாள். நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

எடுத்துக் கொடுக்கவில்லை.

14.7.2007, சனி

பேபியண்ணன் ஒரு கசங்கிய தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். எங்கள் லிஸ்ட். பெயர், வலை, கண்ணி. அவர் பெயருக்கு நேரே திருக்கை. தாள் நிறைய எண்ணெய், கொக்கித் துரு.

"இது எங்க கிடச்சுது?"

"கரையில பறந்துட்டு கிடக்கு. உம்ம கடையில கொக்கி பொதிஞ்சு குடுக்க தாளு வே இது! கொக்கியை எடுத்துக்கிட்டு தாளை எறியான் எல்லாவனும். பிபினுக்க ஆளு அதப் பொறுக்கி நிமித்தி வச்சு வாசிக்கான். ரெண்டு டஜன் கொக்கிக்கு இத்தனை சங்கதி எவன் வே தருவான்?"

சனிக்கிழமை எடுக்கிற லிஸ்டை நான் ஒரு பார்வை பார்த்து டிக் போட்டு அந்தப் பக்கம் போடுவேன். "நல்ல தாளு, வீணாக்காத, கொக்கி பொதிய வை" என்று சொன்னது நான். அவள் ஒரு தடவை, "இதுல பேரெல்லாம் இருக்கே மொதலாளி" என்று சொன்னது நினைவு வருகிறது. "கடலுக்குப் போறவனுக்கு தாளு வாசிக்கவா நேரம்?" என்றேன்.

நான்தான். என் வாய் திறக்கவில்லை. என் தாள் திறந்துவிட்டது.

15.7.2007, ஞாயிறு

மீதித் தாள்களை எல்லாம் கொளுத்தினேன்.

17.7.2007, செவ்வாய்

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் கடலோரம் செசிலி வீடு. போனேன். வாசலில் நின்று, "நான்தான்" என்றேன். "தெரியும், சத்தம் கேட்டாத் தெரியும்" என்றாள். உட்காரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன். தாள், கொக்கி எல்லாம். வருத்தம் என்று சொன்னேன். இந்த வயதில் இந்த வார்த்தையை முதல் தடவை வாயால் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

"வேலைக்கு வா. கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணிக்கிடலாம். நான் பாத்துக்கிடுகேன்."

"ஆப்பரேஷனுக்கு எழுதிப் போட்டாச்சு. திருநெல்வேலியில. தங்கச்சி கூட வருவா."

"பெறகு என்ன?"

காப்பிக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு கயித்துக்கட்டுக்குப் பின்னால ஒரு உருவம் நின்னுச்சு. எட்டி எட்டிப் பாக்குது. கள்ளன்னு நெனைச்சு எனக்கு உயிரே போச்சு. மஞ்ச சட்டைன்னு மட்டும் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க உள்ள வந்திய. மஞ்ச சட்டை."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"அதுக்குப் பெறகும் ரெண்டு வாரம் வேலைக்கு வந்தேன் மொதலாளி. நீங்க கேப்பிய, கேப்பியன்னு பாத்தேன். கேட்டா சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல்ல. பொறி வச்சிய."

பால் சேர்க்காத கட்டன்காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

30.7.2007, திங்கள்

தடை முடிந்தது. படகுகள் கிளம்பிவிட்டன. இந்த வருஷம் என்னிடம் வலை எடுத்தது பதினொரு படகுதான். செல்வன் எடுக்கவில்லை. தாள் விஷயத்தை நானே போய் ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். பேபியண்ணன், "ஒமக்கு இது வேணும் வே" என்று திட்டிவிட்டு வலை எடுத்தார்.

20.8.2007, திங்கள்

நானே அடிக்கிறேன். ஒரு படகு பெயரை அடித்து முடிக்க ஒரு பீடி நேரம் ஆகிறது. ஒரு கண்ணி அளவைத் தப்பாக அடித்து, வலை திரும்பி வந்தது.

அனிஷ் வந்தான். "இன்னும் இந்தக் கறுப்பு இருக்கா? மாத்தித் தாறேன்" என்று மவுஸில் கை வைத்தான். வேறு ஜோலி இருந்தால் பாரு என்றேன்.

22.1.2008, செவ்வாய்

பீச் ரோட்டில் ஒரு ஆளைப் பார்க்கப் போனேன். பிபின் கடைக்கு எதிரே வரும்போது உள்ளே பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று இல்லை.

செசிலி உட்கார்ந்திருந்தாள்.

கால் நின்றுவிட்டது. எந்தக் கடைக்குத் துப்புக் கொடுத்தாள் என்று சொல்லி அனுப்பினேனோ அங்கேயே. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வேறு எங்கே போவாள்? இந்தக் கரையில் வலைக்கடை இரண்டுதான்.

அவள் நிமிர்ந்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை அங்கிருந்தே பார்த்துவிட்டாள்.

"மொதலாளி! ஏன் அங்க நிக்கிய, வாங்க! சட்டைக்கி பட்டன மாத்திப் போட்டிருக்கிய!"

பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

போனேன். பிபின் எழுந்து நின்றான். பையன் மரியாதை தெரிந்தவன்தான். "இருங்க அண்ணாச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். சாயா வந்தது. அவள் முன்னால் புது மானிட்டர், அதில் பச்சைக் குன்று, மேகம். எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு கண்ணும் முடிஞ்சுதா?"

"முடிஞ்சு. அங்க இப்பம் ஆரு அடிக்கா?"

"நான்தான்."

"திரை?"

"நீ வச்சபடிதான்."

சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்போது செல்வன் உள்ளே வந்தான். என்னைக் கண்டு தயங்கினான். தயங்கிக்கொண்டே அவளிடம், "அந்த வலை விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் அண்ணே" என்றாள். எழுந்து, மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, நான் உட்கார்ந்திருந்த பக்கம் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தேன்.