ஏழு பேருக்காகவும் நீ சொன்ன 'சரி'

இன்று காலை ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பசை வாடையோடு உன் தைல வாடையும் வந்தது. அடியில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்புறம் ஏழு பேருடைய பாஸ்வேர்டு, உன் கையெழுத்தில்.

ஆம்பூரில் நம் ஷூ கம்பெனிக்கு ஒப்புதல் மென்பொருள் வந்த புதிதில், ஓர் ஆர்டர் தோல் வெட்டும் கட்டிங்குக்குப் போகுமுன் ஏழு அதிகாரிகள் கணினியில் 'சரி' சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்றாவது 'சரி' என்னுடையது. திட்டப் பிரிவில் எனக்கு வேறு பெரிய வேலையும் இல்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் ஏழு பேரும் சலித்துப்போய், ஆர்டர் குமாஸ்தாவான உன்னிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டோம்.

"இன்னாத்துக்குக்கா பேஜாரு? நானே தட்டிவுட்றேன்" என்றாய்.

வெறுமனே தட்டவில்லை. குறிப்புக் கட்டத்தில் அவரவர் குணப்படி எழுதினாய். என் பெயரில் தவறாமல் ஒரு 'தயவுசெய்து'. ஒருமுறை தர மேலாளர் பெயரில் ஆர்டரை உனக்கே திருப்பியனுப்பினாய்.

"ஏண்டி, நீயே அனுப்பி நீயே திருப்புவியா?"

"கலர் ஒத்து வரலக்கா. அவரு பாத்திருந்தா வுட்டிருப்பாரா?"

அந்த வாரக் கூட்டத்தில் அவர் தன் கண்டிப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நீ தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தாய்.

மென்பொருளை மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்தவர், காகிதத்தில் மூன்று நாள் பிடித்த ஒப்புதல் நான்கே நிமிடத்தில் முடிவதைப் பார்த்து 'முழு வெற்றி' என்று எழுதினார். எப்படி என்று உன்னைத்தான் கேட்டார்.

"இங்க எல்லாரும் ஒத்துமைங்க சார்."

வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக நீ பேசியதும் அதைப் பற்றித்தான். "எல்லாரையும் பாஸ்வேர்ட மாத்திக்கச் சொல்லுக்கா."

நான் சொல்லவில்லை. நீ போனபின் ஏழு பேருக்கும் தங்கள் பாஸ்வேர்டு நினைவில்லை. ஓர் ஆர்டர் பதினொரு நாள் நின்றது. வெற்றி ஏன் தோல்வியானது என்று மாலைக்குள் நான் முதலாளிக்கு அறிக்கை தர வேண்டும். மற்ற ஆறு பேரும் தனித்தனியே வந்து பழியை உன்மேல் போடச் சொன்னார்கள். "போய்ட்டவங்களுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது மேடம்?" என்றார் தர மேலாளர்.

பழைய பதிவுகளையெல்லாம் படித்தேன். நீ அனுப்பிய ஆர்டரில் ஒரு ஜோடிகூடத் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் 'சரி' தட்டுவதற்கு முன்பே கீழே இறங்கி, தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வருவாய். நாங்கள் யாரும் இறங்கியதே இல்லை.

பாஸ்வேர்டை நாங்களாகத்தான் கொடுத்தோம் என்று எழுதப்போகிறேன். ஒரே ஒப்புதல் போதும், அது தோலைத் தொட்டுப் பார்க்கிறவருடையதாக இருக்கட்டும் என்றும். அந்த ஒன்று போக, நீக்க வேண்டிய மீதி ஆறு பதவிகளில் முதலாவதாக என்னுடையதைப் போடுகிறேன். இதை இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.