என் வீட்டு அடுப்படி எந்த மாநிலம்?

அனுப்புநர்:
வி. சசிரேகா (வயது 29),
மூன்றாம் லைன், தேவாலா,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
தொழிலாளர் துறை அதிகாரி அவர்கள்,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: வெளிநாட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பணிபுரியும் எனது பணியிடம் தமிழ்நாட்டில்தான் உள்ளது என நேரில் பார்த்துச் சான்று அளிக்கவும், அதன்மூலம் எனக்குப் பேறுகால விடுப்பு கிடைக்க உதவவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் தேவாலாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கணவர் வினோத் தேயிலை பேக்டரியில் வேலை பார்க்கிறார். அம்மா தெய்வம்மா முப்பது வருடமாக எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். எனக்கு இது முதல் பிரசவம். ஆகஸ்ட் 20 என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

2. கடந்த ஜூலை முதல் நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே ஆளில்லாத தீவு ஒன்றில் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்குகளில் முட்டையிடும் கடற்பறவைகளை அவை படம் எடுத்து அனுப்பும். எந்தப் பறவை, எந்தக் கூடு, அடைகாக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்வது என் வேலை. நான் கடலை நேரில் பார்த்தவள் இல்லை, ஐயா. ஆனால் அந்தத் தீவில் எந்தப் பாறையில் முதலில் வெயில் விழும் என்று எனக்குத் தெரியும். சில மதியங்களில் அங்கேயும் மூடுபனி, இங்கேயும் மூடுபனி. திரையில் இருப்பது எது, ஜன்னலில் இருப்பது எது என்று புரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் வயிற்றுப் பிள்ளைதான் ஓர் உதை விட்டு என்னை வேலைக்குத் திருப்பும்.

3. அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகம் கிடையாது. ஆகவே பெங்களூரில் உள்ள ஒரு முகவர் நிறுவனம் என்னைத் தன் ஆளாகப் பதிந்து, இந்தியச் சட்டப்படி சம்பளம், பி.எஃப்., விடுமுறை எல்லாவற்றையும் கவனிக்கிறது. இதுவரை யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

4. பிரச்சினை என் வீட்டில்தான் இருக்கிறது. முன்வாசலில் தமிழ்நாட்டு டவர் எடுக்கும். மூடுபனிக் காலத்தில் அதுவும் இருக்காது. பின்பக்கம், அடுப்படி ஜன்னலில் மட்டும் கேரளத்து வயநாட்டு டவர் ஜோராக எடுக்கும். எனவே என் மேசை அடுப்படியில், குக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலையில் சேரும்போது நிரப்பிய இணையப் படிவம், அந்த டவரை வைத்து, 'உங்கள் பணியிடம் கேரளா, சரிதானே?' என்று தானாகவே கேட்டது. 'இல்லை' என்று அழுத்தினால் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனது. மூன்று முறை போராடிவிட்டு நான்காம் முறை 'சரி' என்று அழுத்திவிட்டேன். இந்தப் பக்கத்துச் சனம் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. கொல்லையில் துணி காயப்போடும்போதே போன் 'கேரளாவுக்கு வரவேற்கிறோம்' என்கிறது. அதனோடு யார் மல்லுக்கு நிற்பது? இருந்தாலும் தப்பு என்னுடையதுதான்.

5. அன்று முதல் காகிதத்தில் நான் கேரளத்துப் பணியாளர். ஓணத்துக்கு விடுமுறை கிடைத்தது. பொங்கலன்று, பானை பொங்குவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கோடையில் எடுத்த படங்களில் பறவைகளை எண்ணினேன். அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

6. இப்போது அது வேடிக்கை இல்லை. பேறுகால விடுப்பு இருபத்தாறு வாரம். அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்கிறது சட்டம். அந்தச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான்; எந்த மாநிலத்தில் பதிவது என்பதில்தான் என் காரியம் நிற்கிறது. என் மேலாளர் சிக்ரிட் அம்மையார், "உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதை அப்படியே செய்ய விரும்புகிறோம், எங்கே பதிய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். முகவர் நிறுவனமோ, பணியிடம் பற்றி அரசு அதிகாரி ஒருவரின் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் என் விடுப்பு நாள்கள் அனுமதியின்றி வேலைக்கு வராததாகவே பதிவாகி, முப்பது நாளில் வேலை தானாக முடிந்துவிடும் என்கிறது.

7. இந்த வயிற்றோடு இரண்டு மாநிலத்து அரசு அலுவலகங்களுக்கும் பஸ் ஏறினேன். அந்தப் பக்கம் ஒருவர் என் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, "மோளே, நீ தமிழ்நாட்டுக்காரியல்லே?" என்று சிரித்து அனுப்பினார். இந்தப் பக்கம் ஒருவர் என் பணி ஆணையைப் புரட்டிவிட்டு, "ஏனுங்கம்மா, காயிதத்துல கேரளான்னு போட்டிருக்குதுங்களே, நாங்க என்னங்க பண்றது?" என்றார். இருவரும் உட்கார நாற்காலி தந்தார்கள். இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

8. என் அம்மா ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கடல் தாண்டி வரையிலயே நாங்க எந்த நாடுன்னு ஒரு கடுதாசியில எழுதிக் குடுத்தாங்க. நீ அடுப்படி தாண்டி எந்த நாட்டுக்குப் போற?" என்றார். அவர் என்னைப் பெற்றபோது எஸ்டேட் கணக்கப்பிள்ளை வயிற்றைப் பார்த்தார், பேரேட்டில் பேரை எழுதினார், விடுப்பு கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

9. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு, ஐயா. இடம் குறிக்காத பதிவு செல்லாது. பறவை முட்டைமேல் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், எந்தப் பாறை என்று தெரியாவிட்டால் அதை நீக்கிவிட வேண்டும். அப்படி எத்தனையோ தாய்ப்பறவைகளை என் கையாலேயே நீக்கியிருக்கிறேன். அவை அங்கேதான் உட்கார்ந்திருந்தன.

10. எட்டு வாரக் கணக்குப்படி என் விடுப்பு வருகிற வியாழன், 25ஆம் தேதி தொடங்க வேண்டும். ஆகவே தாங்களோ தங்கள் ஊழியர் ஒருவரோ அதற்குள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். மூடுபனியாக இருந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து என் கணவர் குடையோடு அழைத்து வருவார். அடுப்படியில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, தங்கள் கால் எந்த மாநிலத்தில் இருக்கிறதென்று பார்த்து, அதை ஒரே ஒரு வரியில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும். போன் வேறு ஏதாவது சொல்லும். அதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.

இணையவழியில் இம்மனுவை அனுப்ப முயன்றேன். நான் வேறு மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லி அந்த இணையதளம் ஏற்க மறுத்ததால், காகிதத்தில் எழுதி நேரில் கொண்டுவந்திருக்கிறேன். ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, கர்ப்பிணிப் பதிவு அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வி. சசிரேகா

நாள்: 22.06.2026
இடம்: தேவாலா, தமிழ்நாடு.