குளத்தில் நீ என்னை முந்திய பிறகு

பீரோவின் கீழ்த்தட்டில் சேலைகளை எடுத்து அடுக்கும்போது உன் நீச்சல் தொப்பி கையில் தட்டுப்பட்டது. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே பவுடர் தூவி மடித்து வைப்பாய். அந்த வாசனை இன்னும் போகவில்லை. மதுரையிலிருந்து திரும்பிய அன்று தவறி என் பையில் வந்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் முதலில் வந்தது. நீ போய் ஒரு வருடம் கழிந்தும் உன்மேல் எனக்குள்ள பொறாமை அடங்கவில்லை. இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கருங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள் நாம். நீ கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் குளத்தங்கரை வழியாக நடந்து வருவேன். பிறகு நீ நர்ஸாகி குவைத்துக்குப் போனாய். நான் மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு நீ ஊர் திரும்பி, எங்கள் தெருவிலேயே வீடு கட்டினாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நீ ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும்வரை.

பொழுது போகவில்லை என்று கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தாய். கிறிஸ்துமஸுக்குள் தனிப்பாட்டு உனக்குக் கிடைத்தது. சேலையில் பூ வரையப் பழகினாய்; தெருப்பெண்கள் சேலையும் கையுமாக உன் வாசலில் வந்து நின்றார்கள். என் பேரனின் பிறந்தநாளுக்கு நீ செய்த கேக்கை வெட்ட மனசு வராமல் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான் வைத்த பாயசம் அடுக்களையில் ஆறிக் கிடந்தது.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எனக்கு நீந்தத் தெரியும். சின்ன வயதில் எங்கள் குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்கும் அளந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் காலையில் குளத்துக்குப் போக ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் நீ படித்துறையில் வந்து நின்றாய்.

"ஏட்டி, நான் கடப்பொறத்துப் பிள்ள. ஆனா முட்டளவு வெள்ளத்துக்கு மேல இறங்கினதில்ல கேட்டியா. கடலு ஆம்பிளையளுக்குள்ளதுன்னு அப்பா விடமாட்டாரு. நீ எனக்கு நீச்சல் படிப்பிச்சுத் தருவியா?"

"இந்த வயசுல உனக்கு இது என்னத்துக்கு?"

"சாவதுக்கு முந்தி ஒரு தடவையாவது கால் தரையில முட்டாம கெடந்து பாக்கணும்."

அடுத்த வாரமே நமக்கு இரண்டு நீச்சல் உடுப்பு தைத்து வந்தாய். மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மூடி, இடுப்பில் சின்னப் பாவாடையும் வைத்து. யாரும் வாய் திறக்க முடியாதபடி இருந்தது. முதல் நாள் பயத்தில் நீ என் கழுத்தைக் கட்டிப்பிடித்ததில் இரண்டு பேரும் முங்கினோம். குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுந்து நின்று சிரித்தாய். உன் முதுகுக்குக் கீழே கை கொடுத்து நாள்கணக்கில் மிதக்க வைத்தேன். பிறகு கால் அடிக்க, கை வீச, மூச்சுப் பிடிக்க என்று எல்லாம் நான்தான் சொல்லித் தந்தேன். அந்தக் காலைகளில் எனக்கு உன்மேல் பொறாமையே வந்ததில்லை. நீ தடுமாறுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆனால் நீ நின்றுவிடுகிற ஆளா? போனில் படம் பார்த்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்செடுக்கிற நீச்சலைப் பழகினாய். நான் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துகிற பழைய குளத்துக்காரி. மழைக்காலம் முடிந்து குளம் தெளிந்தபோது நீ எனக்கு முன்னால் அக்கரையைத் தொட்டாய். திரும்பிப் பார்த்து, "பய்ய வா, அவசரமில்ல" என்றாய். நீ அன்பாகத்தான் சொன்னாய். எனக்கு அது தாங்கவில்லை.

மதுரையில் மூத்தோருக்கான நீச்சல் போட்டி என்று கேள்விப்பட்டு நம் இருவர் பெயரையும் கொடுத்தவளும் நீதான். ஒரே வயதுப் பிரிவு, ஒரே போட்டி. நீ இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினாய். நான் கடைசியாக வந்து ஏணியைப் பிடித்தபோது, நீ துண்டால் தலை துவட்டி முடித்திருந்தாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து உன்னிடம் கேட்டாள்.

"யாரும்மா உங்களுக்குக் கத்துக்கொடுத்தது?"

"யாருமில்ல பிள்ளே. போனப் பாத்து நானே படிச்சேன்."

உன் பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ரயிலில் நான் பேசவில்லை. நீ வாங்கித் தந்த முறுக்கையும் தின்னவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டும்போது, "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று கேட்டாய். நான் அதுவரை கண்டிராததுபோல ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு குளத்துக்கு வரவில்லை. தோள்வலி என்று சொல்லிவிட்டேன். தோளைத் தொட்டுப் பார்க்க நர்ஸம்மா நேரில் வந்தாய்.

"தோளுக்கு ஒண்ணுமில்ல. உள்ளதச் சொல்லு."

"பேப்பர்காரிகிட்ட எனக்க பேர ஏன் சொல்லல்ல?"

நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"உனக்கு இந்தத் தெரு பூரா ஆளு இருக்கு. மோன் இருக்கான், மருமவ இருக்கா. குவைத்துல இருந்து வந்தவளுக்கு யாரு இருக்கா? காலம்பற அந்த ஒரு மணிக்கூறுதான் எனக்குள்ளது. உனக்க பேரு பேப்பர்ல வந்தா பத்துப் பொம்பிளையளு படித்துறையில வந்து நிப்பாளுவ. நீ அவளுவளுக்கும் இதுபோல கை குடுப்ப. நான் அதக் கரையில நின்னு பாக்கணுமா?"

நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு உன்னைத் திட்டினேன். நீயும் திட்டினாய். மறுநாள் இரண்டு பேரும் குளத்துக்குப் போனோம். என்மேலும் ஒருத்திக்குப் பொறாமை வரும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லையே என்றும் இருந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் உனக்கு நோய் கண்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "குளம் நெறஞ்சிட்டா?" என்றுதான் கேட்டாய். நிறைந்திருந்தது. இல்லை என்று சொன்னேன். நிறைந்தது என்றால் என்னோடு வர முடியாமல் கிடந்து வேகுவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியில் ஃபாதர் பேசினார். யாருடைய துணையும் இல்லாமல் தானே நீந்தக் கற்று வென்ற பெண்மணி என்றார். கடைசி பெஞ்சில் இருந்த எனக்குக் கண்ணீரும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன. செத்த பிறகும் ஜெயித்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது தையல்கடை லில்லி என் கையைப் பிடித்தாள். உனக்கு நூல் வாங்கித் தருகிறவள்.

"ஃபாதருக்குத் தெரியாதுக்கா. நான் குளத்துல துணி அலக்கும்போ எல்லாம் பாத்துட்டுதான் இருப்பேன். நீங்கதான அந்த அக்காவுக்குப் படிப்பிச்சது? எனக்கும் தருவியளா?"

எத்தனை நாளாக அந்த ஒரு கேள்விக்குக் காத்திருந்தேன் தெரியுமா. ஆனாலும் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கரையில் நின்று பார்ப்பதுபோல இருந்தது. மாதங்கள் கழித்துத்தான் சம்மதித்தேன். லில்லிக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், நீ சொன்னபடியே. எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். குளம் காலையில் ஒரே சிரிப்பும் கூப்பாடுமாக இருக்கிறது.

நேற்று லில்லி ஒரே மூச்சில் அக்கரைக்குப் போனாள். முகம் தண்ணீருக்குள், கை அலுங்காமல் விழுகிறது, கால் பின்னால் ஒரு கோடு போடுகிறது. மற்றவர்கள் கை தட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவள் நான்; பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. நீ அவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை இவள் இத்தனை எளிதில் பிடித்துவிட்டாளே என்று. நீ இருந்திருந்தால் நீயே எரிந்திருப்பாய். இல்லாததால் உன் பங்கையும் நான் எரிய வேண்டியதாகிவிட்டது.

நீந்தித் திரும்பி வந்து படியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க அவள் கேட்டாள்.

"அக்கா, அந்த அக்கா மாதிரி நீந்துகேனா?"

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா அவளப்போல வர இன்னும் நாளாவும்."

பொய்தான். உன்னைவிட நன்றாகவே நீந்துகிறாள். எனக்கு உயிர் இருக்கும்வரை அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.